மூன்று கேசட் லுசோகா

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நாற்பது நாள் இருந்தபோது, கோரிப்பாளையத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்கு வெளியே நின்றுகொண்டு, என் ஆய்வேடு முழுக்கத் தப்பு என்பதைத் தெரிந்துகொண்டேன். தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தேழு வயது. மூக்குக்கு மேல் கோபம் வரும் பெண் என்று வீட்டிலும் துறையிலும் பெயர் வாங்கியிருந்தேன்.

பூத்துக்குள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என் தகவலாளி. யாருடைய பேச்சைக் கேட்டு ஒரு மொழியை எழுதிக்கொள்கிறோமோ அவரை மொழியியலில் அப்படித்தான் சொல்வோம். போலீஸ் ஸ்டேஷன் வார்த்தை மாதிரி இருக்கிறதே என்று அப்பா கிண்டல் செய்வார். என் தகவலாளி உகாண்டாவிலிருந்து வந்த கன்னியாஸ்திரீ. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பரவையைத் தாண்டித் திண்டுக்கல் ரோட்டில் இருந்த ஒரு மடத்தில் தங்கி, மதுரைக்கு வந்து படித்துக்கொண்டிருந்தார். வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. மடத்துச் சமையலறையில் வேலை செய்த அக்காமார்களிடம் தமிழ் கற்றுக்கொண்டதால், வாரேன், போறேன், இம்புட்டு, அம்புட்டு என்றுதான் பேசுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சோழவந்தான் பக்கத்துப் பெண் என்றே தோன்றும்.

அவருடைய தாய்மொழி லுசோகா. உகாண்டாவில் நைல் நதி ஒரு பெரிய ஏரியிலிருந்து புறப்படுகிற இடத்துக்குக் கிழக்கே பேசுகிறார்கள். ஆற்றுக்கு மேற்கே லுகாண்டா. அது ராஜா, கோயில், பள்ளிக்கூடம், அச்சடித்த புத்தகம் எல்லாம் உள்ள பெரிய மொழி. இரண்டும் பாண்டு என்கிற ஆப்பிரிக்க மொழிக் குடும்பம். என் நெறியாளர் இளவயதில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பள்ளி வாத்தியாராக இருந்துவிட்டு வந்தவர். பரவையில் லுசோகா பேசுகிற சிஸ்டர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், அதையே என் தலைப்பாக்கிவிட்டார். உலகத்தில் யாரும் சரியாக எழுதாத மொழி, பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடுகிற தூரத்தில் இருக்கிறது, உனக்கு அதிர்ஷ்டம் என்றார். நானும் நம்பினேன்.

இரண்டரை வருடம் சனிக்கிழமைதோறும் போனேன். மடத்தின் பார்வையாளர் அறையில் டேப் ரிக்கார்டரை வைப்பேன். நான் கேட்ட சொல்லை சிஸ்டர் முதலில் தன் நோட்டில் எழுதிப் பார்ப்பார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு, பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில் மூன்று முறை சொல்வார். நாற்பது கேசட் சேர்ந்தது. வெளியூர் நூலகம் ஒன்றிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து வாங்கியிருந்த பழைய லுகாண்டா இலக்கணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டு மொழியும் அச்சு அசலாகப் பொருந்தின. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. லுசோகாவைத் தனி மொழி என்று சொல்லவே முடியாது, அது லுகாண்டாவின் ஒரு கிளைதான் என்று நாலாம் அத்தியாயத்தில் எழுதினேன். ஆய்வேட்டின் முதுகெலும்பே அந்த அத்தியாயம்தான். நெறியாளர் படித்துவிட்டு, இதை வைத்து உனக்கு வெளிநாட்டிலேயே பேர் கிடைக்கும் என்றார்.

அப்படி இருக்கையில்தான் சிஸ்டரின் அண்ணனிடமிருந்து தந்தி வந்தது. அம்மாவுக்கு உடம்பு மோசம், மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், இன்ன நாள் இன்ன மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைக்கிறோம் என்று இருந்தது. மடத்துப் போனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது. துணைக்கு நான் கோரிப்பாளையம் கூட்டிக்கொண்டு போனேன்.

பூத் நடத்திய பாய் நாலைந்து தடவை முயற்சி செய்து லைன் வாங்கிக் கொடுத்தார். சிஸ்டர் பேச ஆரம்பித்தார். எனக்குப் பழகிய குரல், கேசட்டில் இருக்கிற அதே நிதானம். என்னம்மா செய்கிறது, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கிறார் என்பது வரை எனக்கே புரிந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு அவர் சட்டென்று நிறுத்தினார். எதிர்முனையில் என்னவோ சொன்னார்கள்.  சிஸ்டர் கையால் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டார். அடுத்து அவர் வாயிலிருந்து வந்த பேச்சு வேறு. வேகமாக, குரல் ஏறி இறங்கி, அழுகையோடு கொட்டியது. வார்த்தைக்கு வார்த்தை ஒரு அழுத்தமான 'த' ஒலி விழுந்தது. தமிழ்க் காதுக்கு அது தப்பவே தப்பாது. என் ஒலி அட்டவணையில் அந்த ஒலி இல்லை. நாற்பது கேசட்டில் ஓரிடத்தில்கூட இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கால்வாசிகூடப் புரியவில்லை. 

அவர் வெளியே வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் மனுஷப் பிறவி எதுவும் கேட்கக்கூடியது ஒன்றுதான்: அம்மா எப்படி இருக்கிறார்? நான் அதைக் கேட்கவில்லை. இதை எழுத எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

"சிஸ்டர், இப்பப் பேசினீங்களே, அது என்ன பாஷை?"

ரோட்டைக் கடக்க நின்றிருந்தோம். பஸ்களும் ஆட்டோக்களும் ஹாரன் அடித்தபடி திரும்பிக்கொண்டிருந்தன. அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"எங்க வீட்டுப் பேச்சு."

"அப்ப எனக்கு இத்தன நாளு சொல்லிக் குடுத்தது?"

"ஏம்மா, இது புஸ்தகத்துக்குப் போறதுல்ல? அதான் நல்லதாப் பார்த்துக் குடுத்தேன்."

பஸ்ஸில் உட்கார்ந்தபிறகு அவரே விளக்கினார். அவர் ஊரில் பள்ளிக்கூடத்தில் லுகாண்டா, பூசையில் லுகாண்டா, செபப் புத்தகம் லுகாண்டா. வீட்டுப் பேச்சு வீட்டோடு சரி. நோட்டும் பேனாவுமாக ஒருவர் தேடி வந்தால் வீட்டுப் பேச்சையா கொடுப்பார்கள்? விருந்தாளி வந்தால் அடுக்கிலிருந்து நல்ல தட்டைத்தானே எடுப்போம் என்றார். தெரியாத சொற்களை செபப் புத்தகத்தில் தேடி எடுத்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்ததையும் சொன்னார். தான் செய்ததில் ஏதோ கோளாறு என்று அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. பரவை வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கோபம் அவர் மேல் வந்தது. பிறகு என் மேல் திரும்பியது. ஏனென்றால் நான் மதுரை சௌராஷ்டிர வீட்டுப் பெண். எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். மகால் பக்கத்துத் தெருவில் எங்கள் வாசற்படிக்கு இந்தப்பக்கம் ஒரு பாஷை, அந்தப்பக்கம் தமிழ். மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஆள் வந்தால் அம்மா தமிழுக்கு மாறிவிடுவார். என் தோழிகள் வீட்டில் இருந்தால் அப்பா என்னைத் தமிழில்தான் திட்டுவார். யாராவது வெள்ளைக்காரர் நோட்டோடு வந்து உட்கார்ந்திருந்தால் நாங்களும் சுத்தமான தமிழைத்தான் எடுத்து வைத்திருப்போம். மொழியியலில் முதல் வகுப்பு வாங்கியவள் நான். இதை முதல் சனிக்கிழமையே கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் நெறியாளரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஜூனில் அவர் ஓய்வு பெறுகிறார். அவருடைய கடைசி மாணவி நான். அதற்குள் சமர்ப்பிக்காவிட்டால் வேறு நெறியாளரைத் தேட வேண்டும், பதிவை மாற்ற வேண்டும், உதவித்தொகை நின்றுவிடும். வெளித் தேர்வாளருக்கு சுவாஹிலி தெரியும், லுசோகா தெரியாது, இந்தியாவிலேயே யாருக்கும் தெரியாது என்றார். முதலில் பட்டத்தை வாங்கு, பிறகு கட்டுரையாக எழுதித் திருத்திக்கொள் என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் நல்லதுக்குத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அது அவ்வளவு நியாயமாகப் பட்டது.

இரண்டு நாள் நான் எதுவும் செய்யவில்லை. மூன்றாம் நாள் டி.டி.பி. சென்டருக்குப் பிழை திருத்தப் போனேன். நாலாம் அத்தியாயம் அச்சாகிச் சுடச்சுட மேஜையில் கிடந்தது. 'இம்மொழி பேசுவோர் இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை' என்று ஒரு வாக்கியம். நான் எழுதியதுதான். கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதவரைப் பார்த்த பிறகு அந்த வாக்கியத்தில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. தாள்களை அங்கேயே விட்டுவிட்டுப் பரவை பஸ்ஸைப் பிடித்தேன்.

மடத்தில் இன்னொரு இடி. அம்மாவைப் பார்க்க சிஸ்டரை ஊருக்கு அனுப்ப முடிவு செய்துவிட்டார்கள். திரும்பி வர மாட்டார். கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள். நாலாம் அத்தியாயத்தில் என்ன எழுதினேன் என்பதை அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். 

"அச்சுல வந்துருச்சுன்னா நம்பிருவாங்களே" என்றார். "எங்க ஊர்ல ஏற்கெனவே அப்படித்தான் சொல்றாங்க. நீ வேற எழுதிட்டியா?"

மடத்துத் தலைவி, மாலையில் செபத்துக்கு முன் ஒரு மணி நேரம் தினமும் எங்களுக்குக் கொடுத்தார். அம்மா சாகக் கிடக்கும்போது ஒரு பெண்ணை உட்காரவைத்து அவளுடைய வீட்டுப் பேச்சைக் கேட்பது எவ்வளவு கல்நெஞ்சுக்காரத்தனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கேட்டேன். அவரும் சரி என்றார். அவருக்கும் அந்த வாக்கியம் உறுத்தியது.

ஆனால் பேச்சு வரவில்லை. ரிக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்ததும் அவர் முதுகு தானாக நிமிரும். வாசகம் வாசிக்கிற குரல் வந்துவிடும். இரண்டு வாக்கியம் வீட்டுப் பேச்சு, மூன்றாவதில் லுகாண்டா. விளக்கின் மேல் பிளாஸ்டர் ஒட்டினேன். ரிக்கார்டரைத் துணிப்பைக்குள் வைத்தேன். சமையலறையில் காய் நறுக்கவிட்டுப் பார்த்தேன். எங்கே ஒளித்து வைத்தாலும் அது இருப்பது அவருக்குத் தெரியும். வீட்டில் குனிந்து வேலை செய்தபடி வீட்டு ஆட்களோடு பேசுகிற பேச்சு அது, இங்கே யாரிடம் பேசுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூன்று நாள் போயின. ஒரு பக்கம்கூடத் தேறவில்லை.

நாலாம் நாள் கேசட் சிக்கிக்கொண்டது. ரிப்பனை உருவிக்கொண்டே வாய்க்குள் அந்த மெஷினைத் திட்டினேன். ஆத்திரத்தில் என்னையறியாமல் சௌராஷ்டிரத்தில் திட்டிவிட்டேன் போலிருக்கிறது. சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அது என்னம்மா பேச்சு? தமிழ் இல்லையே."

வீட்டில் பேசுவது என்று சொன்னேன். வெளியே பேச மாட்டோம் என்றும் சொன்னேன்.

"ரெண்டரை வருசமா எனக்கும் நீ நல்ல தட்டுலதான் போட்டிருக்க" என்றார். சிரிக்கவில்லை. "சரி. நீ உன் வீட்டுப் பேச்சுல பேசு. நான் என் வீட்டுப் பேச்சுல பேசுறேன். புரியலேன்னாலும் பரவாயில்ல."

அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. வீட்டுக்கு வெளியே, வேறு ஆளின் முகத்தைப் பார்த்து, என் பாஷை வாயைவிட்டு வர மறுத்தது.  பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். நெறியாளர் சொன்னபடி செய்துவிடலாமா என்று இன்னமும் இருக்கிறது என்றேன். மாப்பிள்ளை பார்ப்பதைப் படிப்பு முடியட்டும் என்று இரண்டு தடவை தள்ளிப்போட்டுவிட்டேன், இனிமேல் அப்பா கேட்க மாட்டார் என்றேன். உங்கள் அம்மாவைப் பற்றி அன்றைக்கு நான் கேட்காமல் போனதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை என்றேன். ஒரு வார்த்தையும் அவருக்குப் புரிந்திருக்காது. நான் நிறுத்தியதும் அவர் முழங்கால்மேல் கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். முதுகு நிமிரவில்லை. அந்த 'த' வந்தது. ஓடுகிற டேப்பைப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

நாலு மாலை அப்படியே மாறி மாறிப் பேசினோம். மூன்று கேசட் நிறைந்தது. மீதி இருந்த நாலு நாளும் கேசட்டைத் திரும்ப ஓட்டி, நிறுத்தி நிறுத்தி, அவர் பொருள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் பேச்சு வந்த இடங்களில் இதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்டார். நானும் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசி நாள், மூன்றாவது கேசட்டில் ஓரிடத்தில் அவரே பட்டனை அழுத்தி நிறுத்தினார்.

கோரிப்பாளையத்தில் போன் பேசியதைத்தான் அங்கே சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் அம்மா ரிசீவரை வாங்கியதும், செபத்திலும் என் கேசட்டிலும் இத்தனை வருடம் பேசிப் பழகிய லுகாண்டாவில்தான் இவர் நலம் விசாரித்திருக்கிறார். தன் வாயில் அது வருவதே அவருக்குத் தெரியவில்லை. அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "சிஸ்டர், கொஞ்சம் என் மகளைக் கூப்பிடுங்க."

என் கையில் பேனா ஓடவில்லை. ஆராய்ச்சிக்காரியின் புத்தி மட்டும் ஓடியது. பெற்ற தாயே இரண்டையும் வேறு பிரித்துவிட்டார். மகள் லுகாண்டாவில் பேசியதால் யாரோ என்று நினைத்துவிட்டார். இரண்டும் ஒன்றே என்ற என் நாலாம் அத்தியாயத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு கிடையாது. சிஸ்டர் என் முகத்தைப் படித்துவிட்டார்.

"இத எழுதாத. அம்மா இருக்கிற வரைக்கும் இது புஸ்தகத்துல வரக்கூடாது. பெத்த மகளத் தெரியாமப் போச்சுன்னு அவங்களுக்கு வெக்கம். எனக்கும்தான்."

எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாள் மடத்து ஜீப்பில் அவர் ஸ்டேஷனுக்குப் போனார். நான் போகவில்லை. நெறியாளர் அறையில், ஆய்வேட்டை இப்போது சமர்ப்பிக்க முடியாது என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். உன் தகவலாளி உன்னை ஏமாற்றிவிட்டாள் என்றார். இல்லை, மரியாதை கொடுத்தார், அதை நான் மொழி என்று எழுதிக்கொண்டேன் என்றேன்.  அவர் கால நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜூனில் போய்விட்டார்.

நாற்பது கேசட்டையும் ஓரம்கட்டினேன். மூன்றை மட்டும் வைத்து, இரண்டும் வெவ்வேறு மொழிகள் என்று ஒல்லியான ஆய்வேடு ஒன்றை எழுத ஒன்றரை வருடம் ஆனது. பொது வாய்மொழித் தேர்வு அன்று துறை அரங்கில் நாற்பது பேர் இருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பழைய நெறியாளர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். வழக்கப்படி நான் வாங்கி வைத்திருந்த மிக்சரும் மைசூர்பாகும் பின்னால் மேஜையில் மூடியிருந்தன.

வெளித் தேர்வாளர் நல்ல கூர்மையான ஆள். நேராக அடிமடியில் கை வைத்தார்.

"நாற்பது கேசட் ஒரு மொழி, மூன்று கேசட் இன்னொரு மொழி என்கிறீர்கள். பேசியவர் ஒரே ஆள். பின்னது வீட்டுப் பேச்சு என்பதற்கு உங்கள் வாய்வார்த்தையைத் தவிர என்ன சான்று இருக்கிறது? அந்த வித்தியாசத்தை அங்கே பிறந்த வேறு யாராவது உணர்ந்ததாகக் காட்ட முடியுமா?"

என் நாக்கு நுனியில் அது இருந்தது. ஒரு வாக்கியம். சொன்னால் அரங்கமே அமைதியாகிவிடும் என்று தெரியும். உகாண்டாவில் ஒரு கிழவிக்கு மதுரையில் நடப்பது எப்படித் தெரியப்போகிறது என்றும் தோன்றியது. இரண்டு வருடத்துக்கு முன் நெறியாளர் சொன்னதும் இதுதான்.  தண்ணீர் குடித்தேன்.

"ஒரு சான்று இருக்குது சார். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். மொழி விவரிப்பு என்ற அளவில் ஏற்கலாம், இரண்டும் தனி மொழிகள் என்ற முடிவு நிறுவப்படவில்லை, அந்தப் பகுதியை நீக்குக. பட்டம் கிடைத்தது. எதற்காக ஒன்றரை வருடம் கூடுதலாக உழைத்தேனோ அந்தப் பகுதி போயிற்று. எல்லாரும் மிக்சர் சாப்பிட்டார்கள். நான் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தேன். பழைய நெறியாளர் வாசலில் நின்று, என்ன சான்று என்று கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை.

அதற்கு மூன்று வருடம் கழித்துத் துறை முகவரிக்கு சிஸ்டரிடமிருந்து ஒரு வான்கடிதம் வந்தது. தமிழைத்தான் எழுதியிருந்தார், இங்கிலீஷ் எழுத்தில். வாய்விட்டுப் படித்தால்தான் புரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா பிழைத்து வந்துவிட்டாராம். இவர் மடத்தில் கேட்டுக்கொண்டு, சொந்த ஊருக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே வேலை வாங்கி, வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தாராம். போன மாதம் அம்மா இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசி வரிகள் இவை:

"அம்மா என்னையக் கடைசி வரைக்கும் மகளேன்னுதான் கூப்பிட்டாங்க. ஒரு நாளும் சிஸ்டர்னு சொல்லல. நீ இனி அத எழுதிக்கம்மா."